நாலந்தாக்காரர் தட்டு

எனக்கு எழுத்து ஒழுங்காக வராது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுதினால் கொம்பு ஓரிடத்துக்கும் கால் ஓரிடத்துக்கும் போய்விடும். ஞாபகமும் முன்னைப் போல் இல்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு, அது பொங்கி வழிந்த பிறகுதான் வைத்தது நினைவு வருகிறது. நடுவில் எதையாவது மாற்றிச் சொல்லிவிட்டால் நீங்கள் கோபிக்கக் கூடாது.

போன முறை நம் முதியோர் சங்கத்தில் கூடியபோது ஒவ்வொருவரும் எழுந்து தன் ஊரைச் சொல்ல வேண்டும் என்றார்கள். ஒருவர் உக்குவெலை என்றார். ஒருவர் ரத்தோட்டை என்றார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற டீச்சர் பருத்தித்துறை என்று சொன்னபோது அவர் முகமே மாறிவிட்டது, யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல. என் முறை வந்தபோது நான் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, சிரித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். வெட்கம் என்று நினைத்து விட்டுவிட்டீர்கள். வெட்கம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைவிடக் கூடுதலாக இருந்தது பொறாமை. ஊர் சொல்லக்கூடிய ஆட்களைக் கண்டால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது.

அது எப்படிப் பிடித்தது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.

எங்கள் தோட்டம் மாத்தளையிலிருந்து நாலந்தாவுக்கும் தம்புள்ளைக்கும் போகும் ரோட்டை விட்டு உள்ளே இருந்தது. அங்கே தேயிலை இல்லை. கொக்கோவும் ரப்பரும், இடையிடையே மிளகுக் கொடியும்தான். கொக்கோக் காயை வெட்டினால் உள்ளே வெள்ளைச் சதை மூடிய கொட்டைகள் நெருக்கமாக அடுக்கியிருக்கும். சதையைச் சப்பலாம், கொட்டையைத் துப்பி எறியக் கூடாது, திருப்பிக் குவியலில் போட வேண்டும். கணக்கப்பிள்ளை பார்த்துக்கொண்டே இருப்பார். குவித்துப் புளிக்க வைத்த கொட்டையின் வாசம் கள்ளும் பழைய சோறும் கலந்த மாதிரி, நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்துக் காம்பராவுக்குள் எல்லாம் வந்து நிற்கும். பேரப்பிள்ளைகள் சொக்லட் கொண்டுவந்து கொடுத்தால் இன்றைக்கும் எனக்கு அந்தப் புளிச்ச வாசம்தான் முதலில் ஏறுகிறது. அவர்களிடம் சொன்னால் முகத்தைச் சுளிக்கிறார்கள்.

லயங்களுக்கு நம்பர் இருந்தது. அதைத் துரையும் கணக்கப்பிள்ளையும்தான் சொல்வார்கள். எங்களுக்குள் நாங்கள் ஊர் வைத்துத்தான் வீடுகளைச் சொல்வோம். முசிறியார் வீடு, துறையூரார் வீடு, நாமக்கல்லார் வீடு, தொட்டியத்தார் வீடு. எல்லாம் இந்தியாவில் உள்ள ஊர்கள். ஒருவரும் பார்த்ததில்லை. அவர்களுடைய தகப்பன்மாரே தோட்டத்தில் பிறந்தவர்கள். முசிறியில் ஓர் ஆறு இருக்கிறது என்பார்கள். எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கேட்டால் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். ஆனாலும் கோழி காணாமல் போனால்கூட, "துறையூரார் கோழியக் கண்டீங்களா?" என்றுதான் தேடுவார்கள்.

மாரியம்மன் திருவிழாவின் கடைசி நாள் பகல் பூசையில்தான் அந்தப் பெயர்களுக்கு உயிர் வரும். பூசாரி கோயில் வாசலில் நின்று ஒவ்வோர் ஊராகச் சத்தம் போட்டுக் கூப்பிடுவார். "முசிறியார் தட்டு!" என்றால் அந்த வீட்டுப் பெண் தேங்காய், பழம், வெற்றிலை வைத்த தட்டைத் தூக்கிக்கொண்டு நடுவில் நடந்து வருவாள். தப்பு மேளம் ஒரு அடி அடித்து நிற்கும். எல்லோரும் பார்ப்பார்கள். வருடம் முழுவதும் கொக்கோக் கூடையும் முதுகுமாகக் கிடந்த பெண்ணுக்கு அந்த நடை ஒன்றுதான் பெருமை. தோட்டத்துக்கு முதலில் ஆள் கட்டி வந்த கங்காணி முசிறிக்காரர் என்பதால் முசிறியார் தட்டுதான் எப்போதும் முதலில் போகும்.

கடைசித் தட்டு எங்களுடையது. நாலந்தாக்காரர் தட்டு.

ஏன் அந்தப் பெயர் என்றால், என் அப்பாவின் அப்பா சின்னப் பிள்ளையாக, தாய் தகப்பனோடு மன்னார்ப் பக்கம் தோணியில் வந்து இறங்கி, தம்புள்ளை வழியாகக் காட்டுப் பாதையில் நடந்து வந்தவர். அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் நடந்திருக்கிறார்கள். நாலந்தாவுக்குக் கிட்ட வந்தபோது தாய்க்குப் பேதி கண்டது. அடுத்து தகப்பனுக்கு. இரண்டு பேரையும் வழியோரத்தில் புதைத்துவிட்டு, கூட வந்தவர்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தோட்டத்தில் வைத்து, "ஒன் ஊரு எதுடா?" என்று கேட்டார்களாம். "ஆத்துக்கு அந்தப் பக்கம்" என்றதாம் பிள்ளை. வேறு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் எத்தனை ஊர் இருக்கும்! அதனால் அநாதையான இடத்தையே ஊராக வைத்துவிட்டார்கள்.

இப்போது என் மாமா மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவின் அண்ணன் மகள். எனக்கும் அவளுக்கும் ஒரே வயது, ஒரே வகுப்பு, ஒரே உயரம். ஆனால் அவள் முசிறியார் வீடு. அவளுக்கு அடர்த்தியான முடி. அதில் சிவப்பு ரிப்பனை மடித்துக் கட்டினால் செம்பருத்திப் பூ மாதிரி நிற்கும். என் முடியில் ரிப்பன் வழுக்கிக்கொண்டு இறங்கும். பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த வாத்தியார் எல்லோரையும் எந்த ஊர் என்று கேட்டபோது அவள் எழுந்து, "முசிறி சார்" என்றாள். வாத்தியாரும், "ஓ, காவேரிக் கரை" என்றார். என்னிடம் வந்தபோது நான் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் இருந்து யாரோ, "அவ பஸ் ஸ்டாண்டு சார்" என்றார்கள். வாத்தியாரே சிரித்துவிட்டார்.

திருவிழா மாதம் பிறந்துவிட்டால் பிள்ளைகள் எல்லோரும் தட்டு விளையாட்டு விளையாடுவோம். வெட்டிய கொக்கோத் தோடுதான் தட்டு. அதில் செம்மண்ணும் பூவும் வைப்போம். பூசாரி எப்போதும் மாமா மகள்தான்.

"முசிறியார் தட்டு வரட்டும்!" என்று தன் தட்டைத் தானே முதலில் கூப்பிடுவாள். பிறகு மற்ற ஊர்கள். கடைசியில் நான் மட்டும் தோட்டை ஏந்திக்கொண்டு நிற்பேன். அவள் என்னைத் தாண்டி ரப்பர் மரங்களைப் பார்ப்பாள்.

"வேற யாராச்சும் இருக்கீங்களா?"

"நான் இருக்கேன்ல."

"நீ எந்த ஊரு?"

"ஒனக்குத் தெரியாதா?"

"பூசாரிக்கு எப்பிடித் தெரியும்? நீதான் சொல்லணும்."

"நாலந்தா."

"அது ஊராடி? அது பஸ் தண்ணி ஊத்த நிக்கிற எடம்!"

எல்லாப் பிள்ளைகளும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவள் கெட்டவள் இல்லை. அதே மத்தியானம் தன் பணியாரத்தில் பாதியைப் பிட்டு என் கையில் வைப்பாள். அதுதான் எனக்கு இன்னும் எரியும். கொடுக்கிற இடத்தில் எப்போதும் அவள். வாங்குகிற இடத்தில் நான்.

ஒரு நாள் அம்மா மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அம்மா, நீ பொறந்தது முசிறியார் வீட்டுலதானே?"

"ஆமா, அதுக்கென்ன?"

"அப்ப நான் பாதி முசிறிதானே?"

அம்மாவின் கை அம்மியில் நின்றது. நான் ஏதோ தப்பாகக் கேட்டுவிட்டேன் என்று பயந்தேன். அம்மா கொஞ்சம் தண்ணீர் தெளித்து மறுபடி அரைக்கத் தொடங்கிவிட்டாள். "பொம்பளைக்கு ஊரு தாலியோட மாறிரும். போயி வெறகு எடுத்துட்டு வா" என்றாள். ஆனால் அந்தக் கேள்வி அவளுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது என்று இப்போது தெரிகிறது. ஏனென்றால் அம்மாவுக்கும் ஒரு பொறாமை இருந்தது, என்னுடையதை விடப் பழையது. மாமாவைக் கட்டிய அத்தை பிறந்தது தொட்டியத்தார் வீட்டில். கல்யாணம் ஆனதும் அவள் முசிறியார் ஆகி, முதல் தட்டைத் தூக்கினாள். பித்தளைத் தட்டு, புளி போட்டு விளக்கி வெயிலில் கண் கூசும். அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்த அம்மா, நீலக் கரை வைத்த எனாமல் தட்டோடு கடைசியில் நின்றாள். அந்த எனாமல் தட்டின் ஓரம் உடைந்து கறுப்பாக இருக்கும். அந்த இடத்தில் வெற்றிலையை வைத்து மறைப்பாள்.

அந்த வருடம் திருவிழாவுக்கு முன்னால், துணி விற்கிற முஸ்லிம் வியாபாரி மாத்தளை நானா மூட்டையோடு லயத்துக்கு வந்தார். அவருக்கும் பெயரில் ஊர் இருக்கிறது பாருங்கள். மாத்தளையே அவர் பெயரில் இருந்தது. எங்கள் காம்பரா வாசல் இஸ்தோப்பில் மூட்டையைப் பிரித்து வைத்தார்.

"நல்ல சீத்தை ஈக்கிது தங்கச்சி. புள்ளைக்கி ஒரு சட்டை தைக்கலாம்."

அம்மா ஒரு மஞ்சள் துணியைத் தடவிப் பார்த்தாள். "இது வேற யாரு வாங்குனாங்க நானா?"

"முசிறி வீட்டுல எடுத்தாங்க. அந்தப் புள்ளைக்கி."

"அப்ப வேணாம்."

"ஏன் தங்கச்சி? அவங்க முசிறி, நீங்க நாலந்தா, நான் மாத்தளை. நாம ரெண்டு பேரும் ஒரே ரோட்டு ஆளுங்க. நான் ஒங்களுக்குக் கொறைச்சித் தாரேன்" என்று நானா சிரித்தார். நல்ல மனிதர், பகிடியாகத்தான் சொன்னார். அம்மா துணியை மடித்து அவர் மடியிலேயே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்குச் சட்டை போனது போனதுதான். நானா என்னைப் பார்த்து, "நான் என்ன பொல்லாப்பு சொன்னேன் மகள்?" என்றார். எனக்கும் விளங்கவில்லை.

மறுநாள் அம்மா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு பூசாரி வீட்டுக்குப் போனாள். நான் பின்னாலேயே போய் வேலி ஓரம் நின்றேன்.

"எங்க அப்பா செத்துப் போயிட்டாரு. அவரு ஊரு பேர ஒரு வருசத்துக்கு நானும் தூக்குறேன். முசிறியார் தட்டுன்னு ரெண்டு தரம் கூப்புடுங்க. ஒருத்தருக்கும் நட்டமில்ல" என்றாள் அம்மா.

பூசாரி தலையைச் சொறிந்தார். "ஒங்க அண்ணன் ஒண்ணும் சொல்ல மாட்டாரா?"

"எங்க அண்ணன் என்னா சொல்லப் போறாரு? நான் அவரு கூடப் பொறந்தவ."

பூசாரிக்கு எல்லோரிடமும் நல்ல பெயர் வாங்க வேண்டும். சரி என்றுவிட்டார். அப்பாவிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பா தோட்டத்து லொறியில் மூட்டை ஏற்றுகிறவர். அதிகம் பேச மாட்டார். அவருக்கு இதிலெல்லாம் அக்கறை இல்லை என்று நாங்கள் நினைத்தோம். நானோ அன்றிலிருந்து தரையில் நடக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் மாமா மகளைப் பார்க்கும்போதெல்லாம், இரு, இன்னும் கொஞ்ச நாள்தான் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

பூசை நாளில் நல்ல வெயில். கோயில் வாசலில் மணலைக் கொட்டிப் பரப்பியிருந்தார்கள். கால் சுட்டது. பூசாரி, "முசிறியார் தட்டு!" என்றார். தப்பு அடித்தது. அத்தை பித்தளைத் தட்டோடு நடந்தாள், பக்கத்தில் மஞ்சள் சட்டையில் மாமா மகள். தட்டை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, பூசாரி தொண்டையைக் கனைத்து மறுபடியும், "முசிறியார் தட்டு!" என்றார்.

அம்மா நடக்கத் தொடங்கினாள். நான் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு போனேன். தப்புக்காரர்களுக்கு அடிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. ஒருவர் அடித்தார், ஒருவர் அடிக்கவில்லை. பாதி வழியில் அத்தை குறுக்கே வந்து நின்றாள்.

"எங்க தட்டுதான் உள்ள போயிருச்சே. இது யாரு தட்டு?"

"நானும் முசிறியார் வீட்டுல பொறந்தவதான் அண்ணி."

"பொறந்த. யாரு இல்லேன்னா? நான் தொட்டியத்தார் வீட்டுல பொறந்தேன். அதுக்காக அந்தத் தட்டையும் சேத்துத் தூக்கவா, கைக்கு ஒண்ணா?"

பெண்கள் சிரித்தார்கள். அம்மாவின் கழுத்து சிவந்துவிட்டது. "ஒங்களுக்கு ஒரு ஊரு போயி ஒரு ஊரு வந்துச்சு. எனக்குப் போனது மட்டுந்தான்" என்றாள்.

"வழியில கண்டெடுத்த வீட்டுக்குக் குடுத்தப்பவே தெரிஞ்ச கதைதானே? இப்ப வந்து சாமி முன்னாடி அழுதா?"

அம்மா தன் அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். மாமா கற்பூரத்தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போது அப்பா கூட்டத்துக்குள்ளிருந்து வந்தார். அம்மாவின் கையிலிருந்து தட்டை வாங்கினார். பிடுங்கவில்லை, வாங்கினார்.

"பூசாரி, சரியாக் கூப்புடுங்க."

"எப்பிடிங்க?"

"எப்பவும் போலத்தான். நாலந்தாக்காரர் தட்டுன்னு."

"அது கடைசியிலதானே மாப்ள. மொறைன்னு ஒண்ணு இருக்கு" என்றார் மாமா. இப்போது மட்டும் அவருக்கு வாய் வந்தது.

"இருக்கட்டும் மச்சான். ஒங்க ஊரு ஆறு எந்தப் பக்கம் ஓடுதுன்னு ஒங்களுக்குத் தெரியுமா? எங்க பாட்டனையும் பாட்டியையும் பொதைச்ச எடத்த நான் மாசாமாசம் லொறியில கடந்து போறேன். கும்பிட்டுட்டுத்தான் போறேன். இங்க கூப்புடுற ஊருல நம்ம கண்ணால பாத்த ஊரு அது ஒண்ணுதான்."

அப்பா சத்தமாகச் சொல்லவில்லை. பூசாரி அவசரமாக, "நாலந்தாக்காரர் தட்டு!" என்றார். அம்மா அசையவில்லை. அப்பாவே தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தார். ஆம்பிளை தட்டுத் தூக்கி அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. பின்னால் ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது.

இதைக் கேட்டால் எனக்கு அப்பாவை நினைத்துப் பெருமையாக இருந்திருக்கும் என்று நீங்கள் நினைப்பீர்கள். இல்லை. எனக்கு வந்தது ஆத்திரம். முசிறி எங்கள் கைக்கு வந்துவிட்டது, இன்னும் நாலு எட்டு வைத்திருந்தால் வாசலுக்கே போயிருப்போம், இந்த மனிதர் வந்து கெடுத்துவிட்டாரே என்றுதான் நினைத்தேன். மஞ்சள் சட்டை என்னைப் பார்த்துக்கொண்டே நின்றது.

வீட்டில் அம்மா அப்பாவோடு பேசவில்லை. சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றி, தண்ணீர்ச் செம்பை நகர்த்திவிட்டு எழுந்துவிடுவாள். அப்பாவும் கேட்கவில்லை. அம்மா கேட்டது தான் இழந்த ஊரை. அப்பாவின் காதில் விழுந்தது, உங்கள் ஊர் எனக்கு வேண்டாம் என்பது. இரண்டு பேருக்கும் இடையில் இருந்து நான் சோறு தின்றேன், ஒன்றும் விளங்காமல்.

கொஞ்ச நாள் கழித்து, பெரியவர்கள் சண்டை பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ, அப்பா என்னையும் மாமா மகளையும் லொறியில் கூட்டிக்கொண்டு போனார். கலேவெலைப் பக்கம் போய்த் தோட்டத்துக்கு அரிசி ஏற்றி வருகிற பயணம். டிரைவர் சிங்களவர், அப்பாவின் கூட்டாளி. முன் சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் நான், அடுத்து அப்பா, அந்த ஓரத்தில் ஜன்னலோரம் மாமா மகள். வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி ஜன்னல் அவளுக்கு. எனக்கு கியர் தடி இடித்த முழங்காலும் டீசல் சூடும்தான். என் அப்பா, என் அப்பாவின் லொறி, ஜன்னல் மட்டும் அவளுக்கா?

நாலந்தாவுக்குக் கிட்டப் போகும்போது டிரைவர் தானாகவே வண்டியை மெதுவாக்கினார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. அப்பா மடியிலிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "அங்க பாருங்க. அந்த மரத்தடியிலதான்" என்றார். நான் வீம்புக்கு டிரைவர் பக்கம் திரும்பிக்கொண்டேன். "எது மாமா, அதுவா?" என்று அவள் கேட்பது காதில் விழுந்தது. "அதேதான் கண்ணு" என்றார் அப்பா. கண்ணு என்று அவளைச் சொன்னார். என் கண் முன்னால் ஒரு பெரிய மருத மரம் போயிற்று.

நாலந்தாச் சந்தியில் ஒரு தேத்தண்ணிக் கடையில் நிறுத்தினார்கள். அப்பா எங்களுக்குத் தின்ன பனிஸ் வாங்கிக் கொடுத்தார். கடை முதலாளி குனிந்து எங்களிடம் எந்த ஊர் என்று சிங்களத்தில் கேட்டார். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, "நாலந்தா" என்றேன். என் ஊரிலேயே நின்று என் ஊரைச் சொன்னேன்.

முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார். நாலந்தாவில் தனக்குத் தெரியாத ஆள் இல்லை என்றார். பிறகு எங்கள் பாவாடையையும் வெறுங்காலையும் பார்த்துவிட்டு, "வத்தே லமயி நே?" என்று டிரைவரிடம் கேட்டார். தோட்டத்துப் பிள்ளைகள்தானே என்று. டிரைவர் தலையாட்டினார். அப்பா வாங்கிய தேத்தண்ணியைக் குடிக்காமல் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தார். தோட்டத்தில் நாங்கள் நாலந்தா. நாலந்தாவில் நாங்கள் தோட்டம். அந்த முதலாளியின் மகள், எங்கள் வயதுதான் இருக்கும், கல்லாப்பெட்டிக்குப் பின்னால் நின்று எங்களைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தும் பொறாமைப்பட்டேன்.

நாங்கள் பெரியவர்களானபோது, இரண்டு அரசாங்கமும் பேசி வைத்துத் தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்புகிற காலம் வந்தது. அது உங்களுக்கும் தெரியும். மாமா போகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். "நம்ம ஊருக்குப் போறோம்" என்று லயம் லயமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அங்கே போனால் முசிறியில் சொந்தக்காரர்கள் வாசலில் நின்று கூப்பிடுவார்கள் என்று உண்மையாகவே நம்பினார். அப்பாவிடம் கேட்டபோது, "எனக்கு எந்த ஊருக்கு டிக்கெட் எடுப்பாங்க மச்சான்?" என்றார். நாங்கள் இங்கேயே நின்றோம்.

மாத்தளை ஸ்டேஷனில் கோச்சி நின்ற அன்று ஒரே அழுகைச் சத்தம். அத்தையும் அம்மாவும் பழையதை எல்லாம் மறந்து கட்டிப் பிடித்து அழுதார்கள். மாமா மகள் தலை நிறையப் பூ வைத்து, புதுச் செருப்புப் போட்டு, பெட்டிக்குள்ளிருந்து கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாள். நானும் அழுதேன். பிரிவில் அழுகிறேன் என்று எல்லோரும் தேற்றினார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் இவள் தன் பெயரில் உள்ள ஊருக்கே போகிறாளே, போய் அந்த ஆற்றில் காலை நனைப்பாளே என்று நினைத்துத்தான் கூடுதலாக அழுதேன்.

அப்புறம் அவளை நான் பார்த்தது கிழவியாகத்தான். போன வருடமோ அதற்கு முந்தின வருடமோ, ஒரு கல்யாணத்துக்குக் கொழும்புக்கு வந்தவள், பேத்தியையும் கூட்டிக்கொண்டு வேனில் மாத்தளைக்கு என்னைத் தேடி வந்தாள். முடி அப்போதும் அடர்த்திதான், வெள்ளையாக. கட்டிக்கொண்டோம். கோப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டு, அடக்க முடியாமல் கேட்டேன்.

"முசிறி எப்பிடி புள்ள?"

"முசிறியா? அங்க எங்க இருந்தோம்? எங்கள மலைப்பக்கம் அனுப்பிட்டாங்க. அப்பா ஒரே ஒருக்கா முசிறிக்குக் கூட்டிட்டுப் போனாரு. ஒரு வீட்டுல தண்ணி குடுத்தாங்க. குடிச்சு முடிக்கிறதுக்குள்ள, எப்பப் பொறப்படுறீங்கன்னு கேட்டாங்க. அவரு அப்புறம் அந்தப் பேரையே எடுக்கல."

"ஆத்தப் பாத்தியா?"

"மணலத்தான் பாத்தேன்."

எனக்குப் பாவமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், ஓர் ஓரத்தில் ஆறுதலாகவும் இருந்தது. "அப்ப அங்க ஒங்கள என்னான்னு சொல்லுவாங்க?" என்று கேட்டேன்.

"சிலோன்காரங்க. நாங்க இருக்குற தெருவே சிலோன்காரங்க தெரு. சிலோன்ல எந்த ஊருன்னு கேப்பாங்க."

"மாத்தளைன்னு சொல்லுவியா?"

அவள் கோப்பியை ஊதினாள். பேத்திதான் முந்திக்கொண்டாள். "ஆயா நாலந்தா பாட்டி. எங்க தெருவுல எல்லாரும் அவங்கள நாலந்தாம்மான்னுதான் கூப்புடுவாங்க."

நான் கோப்பையைக் கீழே வைத்தேன். மாமா மகள் சிரித்தாள். "என்னாடி பாக்குற? முசிறின்னு சொல்ல முடியுமா, அங்கயே இருக்குது அந்த ஊரு. மாமா அன்னைக்குக் கோயில்ல சொன்னாருல்ல, கண்ணால பாத்த ஊருன்னு. அது அப்பிடியே நின்னுருச்சு. வாயில அதுதான் வந்துச்சு" என்றாள். என்னிடம் வருவதற்கு முன்னால் மாத்தளையிலிருந்து நாலந்தா வரைக்கும் போய், வேனை நிறுத்தி அந்த இடத்தையும் பேத்திக்குக் காட்டினாளாம். பேத்தி போனில் படம் எடுத்திருக்கிறாள். போகும்போது ரோட்டுக்கு இடது பக்கம், ஒரு புளிய மரம். நான் எத்தனையோ தடவை பஸ்ஸில் அந்த வழியாகப் போயிருக்கிறேன். ஒரு நாளும் இறங்கியதில்லை.

"அது வலது பக்கம், புள்ள. மருத மரம்" என்றேன்.

"எடது பக்கம்டி. புளிய மரம். மாமா கைய நீட்டிக் காட்டுனாரு."

"எங்க அப்பா எங்க காட்டுனாருன்னு எனக்குத் தெரியாதா?"

"நீதான் மூஞ்சத் தூக்கி வச்சுக்கிட்டு அந்தப் பக்கம் பாத்துக்கிட்டு வந்தியே!"

வேன் வந்துவிட்டது. நாங்கள் அந்தச் சண்டையை முடிக்கவில்லை. அவளுக்கு முசிறியும் இருந்தது, போனது; அதற்குப் பிறகு என் அப்பாவின் ஊரையும் எடுத்துக்கொண்டு ஒரு தெரு முழுக்க அம்மா ஆகிவிட்டாள். என் பேரப்பிள்ளைகளுக்கு நான் வெறும் பாட்டி. எந்த ஊர்ப் பாட்டி என்று அவர்கள் கேட்டதே இல்லை. நானாகச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை, சங்கத்தில் வராதது போலவே.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்களில் யாராவது தம்புள்ளைப் பக்கம் பஸ்ஸில் போனால், நாலந்தாவுக்குச் சற்று முன்னால் வலது பக்கம் மருத மரம் இப்போதும் நிற்கிறதா என்று பாருங்கள். இடது பக்கப் புளிய மரத்தையும் பாருங்கள். பக்கத்தில் வயதான ஆட்கள் யாராவது இருந்தால், அந்தக் காலத்தில் நடந்து வந்தவர்களைப் புதைத்தது எந்தப் பக்கம் என்று விசாரியுங்கள். எனக்கு முழங்கால் முடியாது. நான் எழுதியதில் பிழை இருந்தால் திருத்திவிடுங்கள். அவள் சொன்னதுதான் சரி என்றால் என்னிடம் மட்டும் மெதுவாகச் சொல்லுங்கள். அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.